ஆளுமைக்கு வெட்டிய புள்ளிகள்

மட்டக்களப்பில் ஒருவர் வேலைக்கு விண்ணப்பித்தால் அவரைப் பற்றி இரண்டு விசாரணைகள் நடக்கும். ஒன்று மேசைக்கு முன்னால், நேர்முகப் பரீட்சையில். மற்றது தொலைபேசியில், அவருக்குத் தெரியாமல். விண்ணப்பப் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் உறவினர் அல்லாத இருவரின் பெயரும் விலாசமும் கேட்டிருப்பார்கள். கிறிஸ்தவப் பிள்ளை போதகரின் பெயரை எழுதும். இந்துப் பிள்ளை கோயில் தலைவரையோ ஓய்வுபெற்ற அதிபரையோ எழுதும். முஸ்லிம் பிள்ளை பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபையில் ஒருவரை எழுதும். கிராம உத்தியோகத்தரின் நற்சான்றிதழ் எல்லாருக்கும் பொது. ஆனால் நடைமுறையில் அந்த இருவரையும் யாரும் கேட்பதில்லை. அவர்கள் நல்லதைத்தான் சொல்வார்கள் என்பது தெரியும். நமக்குப் பழக்கமான மூன்றாம் ஆள் ஒருவரைத்தான் அழைப்போம். "உங்கள் பக்கத்துப் பிள்ளை ஒன்று வந்திருக்கிறது, ஆள் எப்படி?"

அந்த மூன்றாம் ஆள் பெரும்பாலும் மதத்தோடு தொடர்புடையவராகத்தான் இருப்பார். எங்கள் ஊரில் ஒரு குடும்பத்தின் உள்விவகாரம் தெரிந்தவர்கள் கோயிலிலும் பள்ளிவாசலிலும் தேவாலயத்திலும் இருக்கிறார்கள். திருமணத்துக்கு விசாரிப்பவர்களும் அவர்களிடம்தான் போகிறார்கள், வேலைக்கு விசாரிப்பவர்களும் அவர்களிடம்தான் போகிறார்கள். கேள்வியும் ஒன்றுதான்: நடத்தை எப்படி?

சுனாமிக்குப் பிந்திய காலத்திலிருந்து தொண்டு நிறுவனங்களின் ஆளணிப் பிரிவுகளில் வேலை செய்துவருகிறேன். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களுக்கு வந்த உதவியின் அளவை இங்கே இருந்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். இலங்கையில் அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். கல்முனையிலிருந்து பொத்துவில் வரை கரையோரம் முழுக்க நிறுவனங்களின் பெயர்ப்பலகைகள் நின்றன. அவற்றில் பல மத அடிப்படையில் தொடங்கப்பட்டவை. கிணறு வெட்டினார்கள், வீடு கட்டினார்கள், வலை கொடுத்தார்கள், யார் எந்தச் சாமியைக் கும்பிடுகிறார் என்று பார்க்காமல் கொடுத்தார்கள். அந்த வேலையில் எனக்கு இன்றும் மரியாதை உண்டு. நானே மெதடிஸ்த திருச்சபையில் ஞானஸ்நானம் பெற்று வளர்ந்தவள், ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போகிறவள். அதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். மதத்துக்கு வெளியே நின்று கல்லெறியும் நோக்கம் எனக்கு இல்லை.

சில வருடங்களுக்கு முன் அப்படியான ஒரு நிறுவனத்தில் கணக்கு உதவியாளர் ஒருவரை எடுக்க நேர்முகப் பரீட்சை வைத்தோம். எழுத்துச் சோதனையாக ஒரு மாதத்து வவுச்சர்களையும் காசேட்டையும் வங்கிக் கூற்றையும் கொடுத்தோம். காசேட்டுக்கும் வங்கிக் கூற்றுக்கும் இடையில் வேண்டுமென்றே ஒரு வித்தியாசம் வைத்திருந்தோம். 7,650 ரூபாய்க் காசோலையைக் காசேட்டில் 7,560 என்று பதிந்திருந்தோம். வந்திருந்தவர்கள் வவுச்சர்களை முதலாவதிலிருந்து ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு தம்பி மட்டும் வவுச்சரைத் தொடவில்லை. முதலில் வித்தியாசத்தைக் கணக்கிட்டு எழுதினார்: 90. அதை ஒன்பதால் வகுத்தார். மீதி இல்லை. வித்தியாசம் ஒன்பதால் மீதியின்றி வகுபட்டால் இரண்டு இலக்கங்கள் இடம் மாறிப் பதியப்பட்டிருக்கக்கூடும் என்பது கணக்குப் பார்க்கிறவர்களுக்குத் தெரிந்த சூட்சுமம். வந்த விடை பத்து. ஆகவே நூறாம் இடத்து இலக்கமும் பத்தாம் இடத்து இலக்கமும் ஒன்றால் வேறுபடும் தொகைகளை மட்டும் பென்சிலால் குறித்தார். மூன்றோ நான்கோதான் இருந்தன. அவற்றின் வவுச்சர்களை மட்டும் எடுத்துப் பார்த்துப் பிழையைக் காட்டினார். மற்றவர்கள் பாதி வவுச்சர்களைக்கூடத் தாண்டவில்லை.

அவருக்குத்தான் அதிக புள்ளிகள் கிடைத்தன. மூன்று பேர் கொண்ட குழுவில் அதைப் பற்றி மாற்றுக் கருத்தே இருக்கவில்லை. நியமனக் கடிதத்தை அன்று மாலையே தட்டச்சு செய்யச் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு குழுவில் ஒருவர் தொலைபேசியோடு வெளியே போய் வந்தார். "விசாரித்தேன். அந்தப் பிள்ளை சரிவராது, மிஸ்" என்றார்.

"கணக்கிலா சேர்?"

"கணக்கில் இல்லை. நடத்தையில். இன்னோர் ஆண்பிள்ளையோடு ஒரே வீட்டில் இருக்கிறாராம். ஊரில் கதை இருக்கிறது. நாங்கள் செய்வது கர்த்தருடைய பணி. இப்படிப்பட்ட ஒருவரை எடுத்தால் சபைக்கு என்ன பதில் சொல்வது?"

பிறகு புள்ளித்தாளை எடுத்தார். எங்கள் புள்ளித்தாளில் கல்வித்தகைமை, அனுபவம், எழுத்துச் சோதனை, மொழி என்று கட்டங்கள் இருந்தன. கடைசியில் ஆளுமை என்று ஒரு கட்டம். அதில் தானே காலையில் போட்ட பதின்மூன்றை நீலப் பேனாவால் வெட்டி நான்கு என்று எழுதினார். கூட்டுத்தொகையையும் திருத்தினார். இரண்டாம் இடத்தில் இருந்தவர் முதலாம் இடத்துக்கு வந்துவிட்டார். திருத்தத்துக்குப் பக்கத்தில் நானும் கையெழுத்து வைக்க வேண்டும் என்று தாளை என் பக்கம் தள்ளினார்.

நான் வைக்கவில்லை. கூட்டக் குறிப்பில் என் ஆட்சேபத்தைத் தனியாக எழுதிக் கொடுத்தேன். மூவரில் இருவர் ஒரு பக்கம் இருந்ததால் அதனால் ஒன்றும் மாறவில்லை. அந்தத் தம்பிக்குப் போன கடிதத்தில், இம்முறை உங்களைத் தெரிவுசெய்ய முடியாமைக்கு வருந்துகிறோம் என்ற வழக்கமான ஒற்றை வரிதான் இருந்தது.

புள்ளியை வெட்டியவர் கொடியவர் இல்லை. அலுவலகத்துக்கு முதல் ஆளாக வந்து ஜெபித்துவிட்டு வேலையைத் தொடங்குகிறவர். கணவனை இழந்த பெண்களுக்குத் தன் சம்பளத்திலிருந்து மாதாமாதம் கொடுக்கிறவர். அவர் செய்தது நேர்மையான ஒருவர் தன் நம்பிக்கையின் பெயரால் செய்த அநியாயம். அதனால்தான் இதை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். கெட்டவர் ஒருவர் செய்திருந்தால் கோபப்பட்டுவிட்டுப் போயிருக்கலாம்.

அவரோடு பிறகு பலமுறை கதைத்தேன். கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் ஆறாம் அதிகாரத்தைக் காட்டினார். தேவனுடைய ராஜ்யத்தைச் சுதந்தரிக்காதவர்களின் பட்டியல் அங்கே இருக்கிறது. நானும் அதே பக்கத்தைத் திறந்து அதே வசனத்தைக் கடைசி வரை வாசிக்கச் சொன்னேன். பொருளாசைக்காரர் இருக்கிறார்கள். வெறியர் இருக்கிறார்கள். உதாசினர் இருக்கிறார்கள், அதாவது பிறரைத் தூற்றிப் பேசுகிறவர்கள். "எங்கள் சாரதி குடிப்பார் என்பது எல்லாருக்கும் தெரியும். அவரை எடுக்கும்போது யாரை அழைத்து விசாரித்தீர்கள்?" என்று கேட்டேன். "அது வேறு" என்றார். ஏன் வேறு என்பதற்கு அவரிடம் பதில் இல்லை. எனக்கும் அது வேறாகத் தெரியவில்லை.

இந்த ஓரவஞ்சனை எங்கள் திருச்சபைக்கு மட்டும் உரியதல்ல. மட்டக்களப்பில் நுண்கடன் கம்பனிகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. வாரத் தவணை கேட்டு ஏழைப் பெண்களின் படலையில் வந்து நிற்கும் பிள்ளைகளை நாமெல்லாம் பார்த்திருக்கிறோம். வட்டியை இஸ்லாம் தடைசெய்திருக்கிறது. ஏழையிடம் வட்டி வாங்காதே என்று பழைய ஏற்பாடு சொல்கிறது. சீதனம் வாங்குவதைப் பாவம் என்று பிரசங்கிக்காத மேடை எந்த மதத்தில் இருக்கிறது? ஆனாலும் வட்டிக் கம்பனியில் வேலை செய்தவரின் அனுபவச் சான்றிதழ் நேர்முகப் பரீட்சையில் புள்ளி சேர்க்கும். வீடும் வளவும் சீதனமாக வாங்கியவர் குழுவின் தலைவராக உட்கார்ந்திருப்பார். மனைவிக்கு அடிக்கிறவரைப் பற்றி "வீட்டு விஷயம், நமக்கெதற்கு?" என்பார்கள். ஒருவர் யாரை நேசிக்கிறார் என்பது மட்டும் வீட்டு விஷயமாக இருக்காது.

எல்லா இடத்திலும் மதம் வாயைத் திறக்கக்கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு சபை தன் போதகரைத் தெரிவுசெய்யும்போது அவருடைய விசுவாசத்தையும் வாழ்க்கையையும் பார்க்கத்தான் செய்யும். பள்ளிவாசலுக்கு மௌலவியை எடுப்பதும் கோயிலுக்குக் குருக்களை எடுப்பதும் அப்படித்தான். அதில் அரசு தலையிட்டால் நான் முதல் ஆளாக எதிர்ப்பேன். ஆனால் கிணற்றுக்குச் சீமெந்து வாங்கிய கணக்கைப் பதிகிறவருக்கு எந்தக் கோட்பாடு தேவை? மலசலகூடத்துக்கு அளவெடுக்கும் தொழில்நுட்ப உத்தியோகத்தர் எந்த விசுவாசப் பிரமாணத்தை அறிக்கையிட வேண்டும்?

இந்தக் கேள்வியை மற்ற நாடுகளின் நீதிமன்றங்கள் எங்களைவிட வெகுகாலமாகக் கேட்டுவருகின்றன. தென்னாபிரிக்காவில் 2008 இல் வந்த ஒரு தீர்ப்பு எனக்கு மிகவும் பிடித்தது. பிரிட்டோரியாவில் ஒரு பெரிய திருச்சபை கலைக்கழகம் ஒன்றை நடத்தியது. அங்கே ஓர்கன் வாசிக்கக் கற்பித்துக்கொண்டிருந்த யொஹான் ஸ்ட்ரைடம் இன்னோர் ஆணோடு உறவில் இருப்பது தெரிந்ததும் அவரை நிறுத்திவிட்டார்கள். ஆசிரியர் என்றால் ஆன்மிக வழிகாட்டிதானே என்பது திருச்சபையின் வாதம். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அவர் கற்பித்தது இசை, வேதம் அல்ல, அவர் சபையின் ஆன்மிகத் தலைவராகவும் இருக்கவில்லை, ஆகவே இது நியாயமற்ற பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. அந்த நாட்டின் 1996 ஆம் ஆண்டு அரசியலமைப்பில் பாலியல் நாட்டம் என்ற சொல்லே இருக்கிறது. உலகில் முதன்முதலில் அப்படி எழுதியவர்கள் அவர்கள்.

இங்கிலாந்தில் நடந்ததைப் படித்தபோது எங்கள் புள்ளித்தாள்தான் ஞாபகத்துக்கு வந்தது. ஹெரெஃபோர்ட் மறைமாவட்டத்தில் இளைஞர் பணிக்கு ஜோன் ரேனி என்பவரைத் தெரிவுக்குழு ஒருமனதாகத் தெரிவுசெய்தது. பின்னர் பேராயர் அவரை அழைத்து அவருடைய முந்தைய உறவைப் பற்றிக் கேள்வி கேட்டு வேலையை மறுத்துவிட்டார். இந்தப் பதவியில் இருக்கும்வரை உறவு இல்லாமல் இருப்பேன் என்று ரேனி சொல்லியும் பேராயர் நம்பவில்லை. 2007 இல் தொழில் நியாயமன்றம் இது பாகுபாடு என்று சொன்னது. மறுவருடம் 47,000 பவுணுக்கு மேல் இழப்பீடு கொடுக்கப்பட்டது. அந்தத் தீர்ப்பில் இன்னொரு பக்கமும் உண்டு. அப்படியொரு பதவிக்குத் திருச்சபை நிபந்தனை விதிக்கலாம் என்பதை நியாயமன்றம் ஏற்றுக்கொண்டது. நிபந்தனைக்கு உடன்பட்டவரையும் சந்தேகத்தின்பேரில் தள்ளியதைத்தான் பிழை என்றது. இளைஞர் பணி சபையின் பெயரால் பேசும் பணி, ஆகவே அந்த அளவு இடம் கொடுத்ததோடு எனக்கு ஓரளவு உடன்பாடுதான்.

அமெரிக்காவில் 2020 ஜூனில் உச்ச நீதிமன்றம், ஒருவரை அவருடைய பாலியல் நாட்டத்துக்காகவோ பால் அடையாளத்துக்காகவோ வேலைநீக்கம் செய்வது 1964 ஆம் ஆண்டின் சிவில் உரிமைகள் சட்டத்துக்கு முரண் என்று ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே அதே நீதிமன்றம் மற்றொரு வழக்கில், கத்தோலிக்கப் பாடசாலை ஆசிரியர்கள் மதமும் கற்பிப்பதால் அவர்களை வைத்திருப்பதும் நீக்குவதும் பாடசாலையின் விருப்பம் என்று சொல்லிவிட்டது. ஒரு கையால் கொடுத்துவிட்டு மறு கையால் கதவைச் சாத்தியது போலத்தான் எனக்குப் பட்டது. சமூகக்கல்வியும் கணிதமும் சேர்த்துக் கற்பிக்கும் ஆசிரியரைப் போதகரோடு சேர்த்து எண்ணத் தொடங்கினால், பாடசாலைக் காவலாளியையும் அந்த எண்ணிக்கையில் சேர்க்க எவ்வளவு காலம் பிடிக்கும்?

எங்கள் நாட்டில் இந்தச் சிக்கல் பாடசாலைகளில் குறைவு. மிஷன் பாடசாலைகளில் பெரும்பாலானவற்றை 1960, 61 இல் அரசு பொறுப்பேற்றுவிட்டது. முன்பள்ளிகள், சிறுவர் இல்லங்கள், தனியார் மருத்துவமனைகள், தொண்டு நிறுவனங்கள், இவைதான் இன்றைக்கு இங்கே மதம் சார்ந்து ஆளெடுக்கும் இடங்கள். அவற்றில் பலவற்றுக்குப் பணம் வெளியிலிருந்து வருகிறது. 2014 மார்ச்சில் வேர்ல்ட் விஷன் என்ற கிறிஸ்தவத் தொண்டு நிறுவனத்தின் அமெரிக்கக் கிளை, ஒரே பாலினத்தவரைச் சட்டப்படி மணந்த கிறிஸ்தவர்களையும் வேலைக்கு எடுப்போம் என்று அறிவித்தது. நன்கொடையாளர்கள் பலர் தாங்கள் ஆதரித்துவந்த பிள்ளைகளுக்கான பணத்தை நிறுத்தப்போவதாகச் சொன்னார்கள். இரண்டே நாளில் அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. அமெரிக்க அலுவலகம் ஒன்றில் யார் எழுதுவினைஞராக உட்காரலாம் என்ற வழக்கில், எங்களைப் போன்ற நாடுகளில் இருக்கும் பிள்ளைகளின் பாடசாலைச் செலவு பணயமாக வைக்கப்பட்டது. அதைச் செய்தியில் வாசித்த அன்று நான் அடைந்த வெட்கம் கொஞ்சமல்ல.

இலங்கைச் சட்டத்துக்கு வருகிறேன். "மிஸ், இது சட்டப்படி குற்றம்தானே, குற்றவாளியை எப்படி எடுப்பது?" என்றும் அந்தச் சேர் கேட்டார். 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையில் ஒருபாலுறவைக் குற்றமாக்கும் 365, 365அ என்ற பிரிவுகள் இன்னும் இருக்கின்றன. 365அ பிரிவை 1995 இல் திருத்தியபோது அதைத் தளர்த்துவதற்குப் பதிலாகப் பெண்களையும் அதற்குள் கொண்டுவந்தார்கள். ஆனால் அந்தப் பிரிவுகள் தண்டிப்பது நீதிமன்றத்தில் நிரூபிக்கப்பட்ட செயலை. ஊரில் கதை இருக்கிறது என்பது தீர்ப்பாகாது. 2016 இல் உயர் நீதிமன்றமே, வயதுவந்த இருவர் சம்மதத்தோடு நடந்துகொள்வதில் அரசு காவல்காரனாக நிற்கக்கூடாது என்ற சமகாலச் சிந்தனையை ஏற்று, அந்தப் பிரிவின்கீழ் வந்த சிறைத்தண்டனையை ஒத்திவைத்தது. 2023 இல் அன்றைய நாடாளுமன்ற உறுப்பினர் பிரேம்நாத் தொலவத்த, இது குற்றமாக இருக்கக்கூடாது என்று கொண்டுவந்த திருத்தச் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்றும் அதே நீதிமன்றம் சொன்னது. 2024 இல் நாடாளுமன்றம் கலைக்கப்பட்டபோது அது சட்டமாகியிருக்கவில்லை.

சரி, பாகுபாடு காட்டப்பட்டவர் எங்கே போவது? அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரை எல்லாரும் சட்டத்தின் முன் சமம் என்கிறது. இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் கருத்து, பிறந்த இடம் ஆகியவற்றின் பெயரால் பாகுபாடு கூடாது என்கிறது. அந்த உறுப்புரை பாலியல் நாட்டத்தையும் பாதுகாக்கிறது என்று 2014 இல் ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் குழுவின் முன் அரசே சொன்னது. ஆனால் அடிப்படை உரிமை வழக்கை நிறைவேற்றுத்துறைக்கும் நிர்வாகத்துறைக்கும் எதிராகத்தான் தொடுக்க முடியும். கம்பனியும் கடையும் தொண்டு நிறுவனமும் அதற்குள் வராது. 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டம் பதினைந்து பேருக்குக் குறையாத நிறுவனங்களில் ஊழியரைக் கண்டபடி நிறுத்துவதைத் தடுக்கிறது. தொழில் நியாய சபையும் இருக்கிறது. இவையெல்லாம் வேலையில் சேர்ந்த பிறகு. வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவருக்கு இவற்றில் எதுவும் கைகொடுக்காது. தொழிலிலும் உத்தியோகத்திலும் பாகுபாடு காட்டுவதற்கு எதிரான, சர்வதேச தொழில் அமைப்பின் 111 ஆம் இலக்க உடன்படிக்கையை இலங்கை 1998 இல் ஏற்றுக்கொண்டது. ஆனால் தனியார் நிறுவனம் ஆள் எடுக்கும்போது இதைச் செய்யக்கூடாது என்று சொல்லும் உள்நாட்டுச் சட்டம் ஒன்று அதற்குப் பிறகும் வரவில்லை. அந்த நீலப் பேனாவைத் தடுக்க நாட்டில் ஒரு வரிகூட இல்லை.

பெண்களுக்கு இது வேறு உருவத்தில் வரும். அவர்களைப் பற்றி வெளிப்படையாக யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். "ஏன் இன்னும் கல்யாணம் முடிக்கவில்லை, பிள்ளை?" என்று கேட்பார்கள். முன்பள்ளி ஆசிரியை பதவிக்கான நேர்முகப் பரீட்சைகளில் இந்தக் கேள்வியை எத்தனையோ தடவை காதால் கேட்டிருக்கிறேன். முப்பது தாண்டிய பெண் ஒருத்தி, தோழியோடு வாடகை வீட்டில் இருக்கிறாள் என்றால் போதும். காரணம் எழுத வேண்டிய இடத்தில் "குடும்பப் பொறுப்பு இல்லாதவர், நிலைத்திருப்பது சந்தேகம்" என்று எழுதுவார்கள். அவள் பராமரிக்கும் வயதான தாய் அந்தக் கணக்கில் வரமாட்டாள்.

வேலை கிடைத்தவர்கள் வாழ்வதும் ஒளிந்துதான். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் சடங்கில் பாண்டவர்களின் வனவாசத்தை வருடாவருடம் நடத்திக் காட்டும் மக்கள் நாங்கள். வனவாசம் முடிந்து விராடன் நகரில் அவர்கள் பெயரை மாற்றி, வேஷத்தை மாற்றி வேலைக்கு அமர்ந்த கதையும் கூத்துப் பார்த்து வளர்ந்த எங்களுக்குத் தெரியும். அருச்சுனன் பிருகன்னளையாக இளவரசிக்கு நடனம் கற்பித்தான். வீமன் சமையற்கட்டில் நின்றான். அவர்களுக்கு ஓராண்டுதான் அஞ்ஞாதவாசம். எங்கள் அலுவலகங்களில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கெடு எதுவும் இல்லை. வெளிநாட்டில் நிச்சயம் செய்த பெண் இருப்பதாக ஒருவர் கதை கட்டி வைத்திருந்தார். அதை மறக்காமல் இருக்க அவளுக்கு ஒரு பிறந்தநாளும் குறித்து வைத்திருந்தார். ஊழியர் சேமலாப நிதிப் படிவத்தில், தனக்குப் பின் பணம் யாருக்குச் சேர வேண்டும் என்ற இடத்தை நிரப்ப இன்னொருவர் என் மேசைக்கு முன்னால் வெகுநேரம் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். கடைசியில் பல வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத தமையனின் பெயரை எழுதினார்.

மட்டக்களப்பாருக்கு இது விளங்காத துன்பமா? யுத்த காலத்தில் அடையாள அட்டையில் மட்டக்களப்பு என்று இருந்ததாலேயே கொழும்பில் அறையும் வேலையும் மறுக்கப்பட்டவர்கள் எங்கள் வீடுகளில் இருக்கிறார்கள். என்ன படித்தாய், என்ன தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. 2019 ஏப்ரல் 21 இல் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்து எங்கள் பிள்ளைகள் இறந்த பிறகு, அதோடு எந்தத் தொடர்பும் இல்லாத முஸ்லிம் ஊழியர்களை நிறுத்த வேண்டும் என்று எங்கள் பக்கத்திலேயே குரல் எழும்பியது. அன்று அதற்கு எதிராகப் பேசியவர்களில் புள்ளியை வெட்டிய அதே சேரும் ஒருவர். இதை அவரிடமே சொன்னேன். நீண்ட நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அது பிறப்பால் வந்தது, இது அவர்களாகத் தேடிக்கொண்டது" என்றார். தேடிக்கொள்வதற்கு இதில் என்ன சுகம் இருக்கிறது என்று கேட்டேன். உறவை இழந்து, ஊரை இழந்து, இப்போது வேலையையும் இழந்து?

அந்தத் தம்பி இப்போது கல்முனையில் ஒரு ஹாட்வெயார் கடையில் கணக்குப் பார்க்கிறார். கடைக்காரர் ஒரு ஹாஜியார். சேர்ந்து சில மாதங்களில் ஊர்க்கதை அங்கேயும் வந்து சேர்ந்தது. ஹாஜியார் அவரை உள்ளே கூப்பிட்டு, "என் மார்க்கத்தில் இது கூடாது. அதை நீங்களும் தெரிந்திருக்க வேண்டும்" என்றாராம். தம்பி சாவிக்கொத்தை மேசையில் வைத்துவிட்டு எழும்பியிருக்கிறார். "சாவியை எடுங்கள். நான் உங்களை எடுத்தது கணக்குக்கு. மற்றதை அல்லாஹ் கேட்பான்" என்று சொல்லி, மாலையில் வரவேண்டிய சீமெந்து லொறியைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டாராம்.

திருக்குர்ஆனின் 28 ஆம் அத்தியாயத்தில், மூஸா நபியை வேலைக்கு அமர்த்தச் சொல்லும் பெண், தகுதியாகச் சொல்வது இரண்டே: வலிமையுள்ளவர், நம்பகமானவர். ஹாஜியார் அதைத்தான் பார்த்தார் என்று நினைக்கிறேன். எங்கள் வேதத்திலும் மத்தேயு 20 இல் திராட்சத் தோட்டக்காரர் ஒருவர் இருக்கிறார். மாலை வரை சந்தையில் நின்றவர்களிடம் ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்கிறார். யாரும் எங்களை வேலைக்கு எடுக்கவில்லை என்கிறார்கள். ஏன் எடுக்கவில்லை என்று அவர் துருவவில்லை. நீங்களும் போங்கள் என்கிறார். கூலியையும் மற்றவர்களுக்குச் சமமாகக் கொடுக்கிறார்.

ஹாஜியார் அந்தத் தம்பியை ஏற்றுக்கொண்டார் என்று நான் சொல்லமாட்டேன். அவருடைய நம்பிக்கை அவரிடம் அப்படியே இருக்கிறது. அந்தப் பேச்சு தம்பிக்கு வலித்தது, இன்றும் வலிக்கிறது. என் ஆசை இதைவிடப் பெரியது. அந்தப் பிள்ளை தன் துணையோடு எங்கள் தேவாலயத்தின் முன்வரிசையில் உட்கார வேண்டும் என்பது என் ஆசை. ஆனால் அதற்காக யாரையும் மனம் மாறச் சொல்லி இன்று நான் கேட்கவில்லை. ஹாஜியார் மனம் மாறாமலேயே சம்பளம் கொடுக்கிறார், சாவியைக் கொடுக்கிறார். அவரால் முடிந்தது எங்கள் நிறுவனங்களால் ஏன் முடியாது என்றுதான் கேட்கிறேன். ஒருவருடைய பிழைப்பு, முதலாளி நல்லவராக வாய்த்தால்தான் உண்டு என்று இருக்கவும் கூடாது. சட்டம் வர வேண்டும். அது வரும்வரை நாங்களே எழுதிக்கொள்ளக்கூடிய விதிகள் இருக்கின்றன.

நான் இப்போது வேலை செய்யும் இடத்தில் ஆளுமை என்ற கட்டத்தை எடுத்துவிட்டோம். அதற்குப் பதிலாக, அந்தப் பதவிக்கு எது தேவையோ அதைப் பெயர் சொல்லி எழுதுகிறோம்: காசு கையாளும் ஒழுங்கு, பயனாளிகளோடு கதைக்கும் விதம், அறிக்கை எழுதும் திறன். விசாரிப்பது புள்ளிகள் கூட்டிக் கையெழுத்தான பிறகுதான். அதுவும் விண்ணப்பத்தில் பெயர் உள்ளவர்களிடம் மட்டும், எழுத்தில், மூன்று கேள்விகளோடு: எவ்வளவு காலமாகத் தெரியும், பணத்தை நம்பி ஒப்படைக்கலாமா, சிறுவர்களோடு வேலை செய்வதைத் தடுக்கும் முறைப்பாடு அல்லது தண்டனை ஏதும் உண்டா. திருமணத்தைப் பற்றிய கேள்வி இல்லை. புள்ளியை மாற்றினால் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். ஊரில் கதை இருக்கிறது என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போட இதுவரை யாரும் துணியவில்லை.

இதே விதிகளை எங்கள் சபை நடத்தும் முன்பள்ளிக்கும் சிறுவர் இல்லத்துக்கும் ஏற்கச் சொல்லி விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். போதகர், உபதேசியார், ஞாயிறு பாடசாலை ஆசிரியர் ஆகிய பதவிகளுக்கு இவை பொருந்தாது என்றும் அதில் தெளிவாக எழுதியிருக்கிறேன். அடுத்த செயற்குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் சேர்த்திருக்கிறார்கள். எதிர்த்து வாக்களிக்கப்போகிறவர்கள் யார் என்பது எனக்குத் தெரியும். அவர்களில் மூவர் வீட்டுக்கு ஏற்கெனவே போய்க் கதைத்துவிட்டேன். மற்றவர்களையும் கூட்டத்துக்கு முன் சந்தித்துவிடுவேன்.